உப்புத் தண்ணீருக்குக் கீழே உள்ள வளைவு

“ஆன்ட்டி, நீங்க ஸ்க்ரீனை மட்டும் நோக்கிக்கோங்க, கேட்டோ. நான் குழாயைப் பாத்துக்கிடுகேன். நம்பர் நின்ன ஒடனே சத்தமாச் சொல்லணும்” என்று சொல்லி ஆதிரா அந்தக் கருவியை என் கையில் வைத்தாள். பழைய செல்போனைவிடச் சற்றுப் பெரியது. அதிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி அவள் கைக்குப் போனது. ஒயரின் முனையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குமிழ். அதைத்தான் அவள் கொதிக்கிற குழாயின் மேல் வைத்து, இரும்பு எத்தனை கனம் மிச்சம் இருக்கிறது என்று கேட்கப் போகிறாள். அவளோடு வரவேண்டிய ஆள் காய்ச்சல் என்று படுத்துவிட்டாராம். சூட்டில் அளக்கிற வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குமிழைப் பிடிக்க வேண்டும், ஒருவர் எண்ணைப் படிக்க வேண்டும். பிடிக்கிறவருக்குக் கண்ணைத் திருப்ப நேரமிருக்காது. எங்கள் கொட்டகையில் கை ஒழிந்து நிற்கிற ஆள் யார் என்று பார்த்தார்கள். நான்தான் நின்றேன். நிற்பதுதானே என் உத்தியோகம்.

அது என்ன உத்தியோகம் என்று கேட்டால் சொல்கிறேன். பழவங்காடியில் கிருஷ்ணகுமார் முதலாளியின் உப்பேரிக் கடையை, அதாவது நேந்திரங்காய் சிப்ஸ் கடையைத் தெரியாதவர்கள் ஊரில் குறைவு. அந்தக் கடைக்குச் சரக்கு போவது கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் கொட்டகையிலிருந்து. ஏத்தங்காய் சீவுகிற மெஷினில் ஒருநாள் என் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, இனிமேல் யார் வேலை தருவார் என்று நான் சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். முதலாளி அப்போது சின்ன வயசு. வெளியே வந்து, “கை போனா என்ன லீலாக்கா, கண்ணு இருக்குல்லா? நீங்க நின்னு பாத்தாப் போதும்” என்றார். அன்றிலிருந்து நான் நின்று பார்க்கிறேன். எண்ணெயிலிருந்து அள்ளுகிற ஒவ்வொரு ஈடும் என் கண்ணைத் தாண்டித்தான் கடைக்குப் போகும். நிறம் ஒரு பொட்டு மாறியிருந்தாலும் “இது வேண்டாம்” என்பேன். முதலாளி ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மாட்டுக்குப் போடச் சொல்லிவிடுவார். சும்மா தலையை ஆட்டுகிறார் என்று நினைத்து, ஒரு நாள் நல்ல ஈட்டையே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதையும் போடச் சொல்லிவிட்டார். நான்தான் ஓடிப்போய்த் தடுத்தேன். இந்த மாதிரி ஒரு மனிதருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதனால் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

எங்கள் சட்டிக்குக் கீழே நெருப்பு கிடையாது. கொட்டகைக்கு வெளியே ஹீட்டர் இருக்கிறது. அங்கே விறகும் தேங்காய்ச் சிரட்டையும் எரிகின்றன. அந்தச் சூட்டை ஒரு தனி எண்ணெய் வாங்கிக்கொண்டு, குழாய் வழியாக உள்ளே வந்து, சட்டியின் அடிவயிற்றைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும். சட்டியில் பொரிக்கிற தேங்காயெண்ணெயோடு அது சேராது. இருநூற்றைம்பது டிகிரிக்கு மேல் சூடு என்று ஹீட்டரைப் பார்த்துக்கொள்கிற ராஜமணி சொல்வான். குழாய் விட்டுப்போனால் அது எண்ணெயாக வெளியே வராது, நெருப்பாகத்தான் வரும் என்றும் சொல்வான். அவனுக்கு மிரட்டுவது பிடிக்கும் என்று நாங்கள் சிரித்துவிட்டுப் போவோம்.

இந்த வருஷம் இன்சூரன்ஸ்காரர்கள், குழாய்களின் கனத்தை அளந்து காட்டினால்தான் புதுப்பிப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் ஓணத்தின் முதல் நாளான அத்தம் பிறந்த பிறகு. அத்தத்திலிருந்து திருவோணம் வரைக்கும் எங்கள் ஹீட்டர் பகலோ ராத்திரியோ அணைந்து நான் பார்த்ததில்லை. கடை வாசலில் வரிசை நிற்கும். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போகிற பார்சல்கள் கட்டக்கட்ட வந்துகொண்டே இருக்கும். வருஷம் முழுக்க ஓடி அலைவது இந்தப் பத்து நாளுக்காகத்தான். அணைக்க முடியாது, அளக்காமலும் இருக்க முடியாது என்று முதலாளி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான், சூடாக ஓடும்போதே அளக்கிறவர்கள் உண்டு என்று யாரோ சொல்ல, ஆதிரா வந்து சேர்ந்தாள். எங்கள் ஊரில் ஸ்ரீவராகம் பக்கத்துப் பிள்ளை. கொச்சியில் பெரிய பெரிய ஆலைகளில் அளந்து பழகியவள். பாதி வாக்கியம் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பாள். இருபத்தைந்து வயசுக்காரி என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டதில் எனக்கு முதலில் கோபம்தான். சேச்சி என்றாவது சொல்லியிருக்கலாம்.

குழாய்களை வெப்பம் போகாமல் பஞ்சு சுற்றி, மேலே அலுமினியத் தகடு போர்த்தி வைத்திருப்பார்கள். அதில் அங்கங்கே சின்ன ஜன்னல்போல வெட்டித் திறந்திருந்தான் ராஜமணி. ஆதிரா கனத்த கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலிலும் இரும்பை அரத்தால் துடைத்து, குமிழின் முனையில் வெள்ளைப் பசை தடவி, சட்டென்று வைப்பாள். பசை புகையும். மூச்சு ஒன்று விடுவதற்குள் எடுத்துவிடுவாள். பிறகு குமிழ் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஆறாமல் வைத்தால் அது செத்துப்போகுமாம். அந்தக் காத்திருப்பில் நான் கேட்டேன், இது எப்படி அளக்கிறது என்று.

“சத்தம்தான் ஆன்ட்டி. நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். உள்ள போயி மறுபக்கத்துல முட்டித் திரும்பி வரும். எவ்வளவு நேரம் ஆச்சோ அதை வச்சுக் கனம் சொல்லும். ஆனா இரும்பு சூடாயிட்டா சத்தம் பைய்யத்தான் போகும். லேட்டா வந்தா, மெஷின் கனம் கூடுதல்னு நினைச்சுக்கும். அதனால இது காட்டுறதுல இருந்து நான் கொஞ்சம் கொறைச்சுத்தான் எழுதணும்.”

எனக்குப் புரிந்தது. மேட மாதத்து வெயிலில் சாலைக் கடைத்தெருவுக்குப் போனவள் வர நேரமானால், வீட்டில் இருக்கிறவன் கடை ரொம்பத் தூரம் என்று நினைத்துக்கொள்வான். கடை இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அவளால்தான் வெயிலில் வேகமாக நடக்க முடியவில்லை.

“எத்தன இருக்கணும் பிள்ளே?”

“புதுசுல நாலு மில்லிமீட்டருக்குப் பக்கம். ரெண்டரைக்கு மேல இருந்தாப் பேடிக்க வேண்டாம்.”

நான் படித்தேன். மூணு எண்பத்தொண்ணு. மூணு எழுபத்தாறு. மூணு எண்பது. முதலாளி போனில் கடையோடு பேசிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எங்களைக் கவனிக்காதவர்போல இருந்தாலும், நான் எண்ணைச் சொல்லும்போதெல்லாம் போனில் பேச்சு ஒரு நொடி நிற்கும். நல்ல எண் வந்ததும் மறுபடி தொடங்கும். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பாக வந்தது. நல்ல செய்தியை நானே சத்தம் போட்டுச் சொல்லக் கிடைத்ததில் சந்தோஷமாகவும் இருந்தது.

சட்டிக்குள் நுழைவதற்கு முன் குழாய் ஒரு வளைவு எடுக்கும். அந்த வளைவுக்கு நேர் மேலே உப்புத் தண்ணீர் டிரம். உப்பேரி பொரிக்கிற இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காய் வெந்து வரும்போது மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை அகப்பையால் கொதிக்கிற எண்ணெயிலேயே விடுவோம். சடசடவென்று கொட்டகையே அதிரும். அந்தச் சத்தம் அடங்குகிற பக்குவத்தில் அள்ள வேண்டும். எங்களிடம் அந்த வேலை வடிவம்மாளுக்கு. முன்பு டிரம் தரையில் இருந்தது. ஒவ்வொரு ஈட்டுக்கும் குனிந்து குனிந்து அவளுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. ராத்திரி கை தூக்கித் தலை வார முடியவில்லை என்று என்னிடம் அழுதாள். நான் முதலாளியிடம் சொன்னேன். மறுநாளே ஆளைக் கூப்பிட்டு இரும்பு ஸ்டாண்ட் அடித்து, நீல டிரம்மை மேலே ஏற்றி, இடுப்பு உயரத்தில் திறந்து மூட ஒரு டாப் வைத்துக் கொடுத்துவிட்டார். வடிவம்மாள் அந்த டாப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது அன்றிலிருந்து சொட்டும். நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. சொட்டுவது தண்ணீர்தானே.

அளக்கிற நேரம் வடிவம்மாளைத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஆதிரா வளைவில் பசையை வைத்துக் குமிழை அழுத்தினாள். நான் திரையைப் பார்த்தேன். ஒண்ணு நாற்பத்தைந்து என்று வந்தது. கண் இமைப்பதற்குள் மாறி, இரண்டு தொண்ணூற்றொன்று என்று நின்றது. நின்றே இருந்தது.

“எத்தர ஆன்ட்டி?”

முதலாளியின் போன் பேச்சு நின்றிருந்தது. ஆதிரா குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதல் எண்ணைப் பார்த்தது இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். நின்ற எண்ணைத்தானே சொல்லச் சொன்னாள்? நிற்காததை நான் ஏன் சொல்ல வேண்டும்? “ரெண்டு தொண்ணூத்தொண்ணு” என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது. முதலாளி மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. போனில், “ஆமா, நாளைக்கும் லோடு உண்டு, எழுதிக்கோ” என்றார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைத்தேன். அதுதான் தொல்லையாகப் போயிற்று. இந்த மனிதர் எனக்குச் செய்ததற்கு, ஓணத்துக்கு முன்னால் அவர் ஹீட்டரை நானா அணைப்பேன்? அதுவும் ஒரு மின்னல் வெட்டுப்போல வந்து போன எண்ணுக்காக? அடுத்த ஜன்னலில் மூணு எழுபத்தைந்து வந்தது. அதற்கடுத்ததில் மூணு எழுபத்தெட்டு. நான் சொல்லிக்கொண்டே போனேன். ஆனால் திரையில் எந்த எண் நின்றாலும் அதற்கு அடியில் அந்த ஒண்ணு நாற்பத்தைந்து இருப்பதுபோலவே இருந்தது. அதை அதோடே கூட்டிப் பார்த்தால் இரண்டு தொண்ணூறு வருகிறது என்று அப்போதுதான் உறைத்தது. அது ஏன் அப்படி வரவேண்டும் என்று தெரியவில்லை.

ஆதிரா சாமான்களைத் துடைத்து எடுத்துவைக்க ஆரம்பித்தாள். “எக்கா, முடிஞ்சுதா? எண்ண சூடு ஏறிக் கெடக்கு, காயப் போடட்டா?” என்று வடிவம்மாள் வந்து தன் இடத்தில் நின்றாள். காயைக் கொட்டினாள். கொஞ்ச நேரம் கிளறினாள். அகப்பையை நீட்டி டாப்பைத் திறந்தாள். தண்ணீர் பிடித்து மூடினாள். மூடிய பிறகும் இரண்டு சொட்டு விழுந்தது, தகட்டின் மேல் ஓடி, மூட்டு வாயில் உள்ளே இறங்கியது. அவள் இடுப்புக்கும் அந்த வளைவுக்கும் ஒரு முழம் இருக்காது.

“பிள்ளே, நில்லு” என்றேன். “அங்க வேற ஒரு நம்பரும் வந்துது.”

ஆதிரா நிமிர்ந்தாள். சொன்னேன். எண்ணைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. என்னைக் கோபிக்கவில்லை. வடிவம்மாளின் கையைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, மறுபடியும் பசை தடவி வளைவில் வைத்தாள். ரெண்டு தொண்ணூறு. ஆறவிட்டு மறுபடி. ரெண்டு தொண்ணூற்றிரண்டு. மறுபடி. ரெண்டு தொண்ணூறு. இந்தத் தடவை ராஜமணியும் முதலாளியும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது திரும்ப வரவேயில்லை.

“இரும்பு ரொம்ப மெலிசாயிட்டா சத்தம் ரெண்டு வட்டம் போயிட்டு வரும், சார்” என்று ஆதிரா முதலாளியிடம் சொன்னாள். “மெஷின் முதல் வட்டத்தை விட்டுட்டு ரெண்டாவதைப் பிடிச்சுக்கும். உள்ளதுக்கு இரட்டி காட்டும். இந்தச் சூட்டுக் குமிழுக்கு ஒண்ணரைக்குக் கீழ அந்தக் கொறை உண்டு. ஆனா பசை கொதிச்சாலும் ஒரு பொய் நம்பர் வந்து போகும். எனிக்கு உறப்பாச் சொல்ல முடியாது. லைன் ஆறினா வேற குமிழ் போட்டு நோக்கலாம். அல்லாம வேற வழியில்ல.”

“சாரே, ஓணமாக்கும்” என்றான் ராஜமணி. “அணைச்சா ஆறவே சாயங்காலம் ஆவும். கண்ணால கண்டதும் பொய்னு சொல்லுவாங்க. அக்கா கண்ணாடி மாத்தி எத்தன வருஷமாச்சுன்னு கேளுங்க.”

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி பழசுதான். பசைப் புகை திரையை மறைத்திருக்கலாம். நாலைந்து தடவை நின்ற எண்ணை, ஒரு தடவை நிற்காமல் போன எண் பொய்யாக்குமா? முதலாளி என்னைப் பார்த்தார்.

“லீலாக்கா, நீங்க பாத்தியளா?”

“பாத்தேன்.”

“ஒண்ணு நாப்பத்தஞ்சு?”

“ஆமா.”

அவர் ராஜமணி பக்கம் திரும்பி, “அணை” என்றார். ஏத்தங்காய் ஈட்டை மாட்டுக்குப் போடச் சொல்கிற அதே குரல். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நெருப்பை அணைத்தாலும் பம்பை உடனே நிறுத்தக்கூடாதாம். எண்ணெய் ஓடாமல் நின்றால் ஹீட்டருக்குள்ளேயே கருகிப்போகும். ஆகவே ஆறும்வரை அந்தக் கொதிக்கிற எண்ணெய் அதே வளைவு வழியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். முதலாளி எங்கள் எல்லாரையும் வெளியே பலா மரத்தடிக்கு அனுப்பிவிட்டார். ராஜமணி பேனல் பக்கத்தில் நிற்க வேண்டும். அவனைத் தனியாக விடமாட்டேன் என்று தானும் நின்றுகொண்டார். நானும் நிற்கிறேன் என்றேன். “ஒங்க வேல முடிஞ்சுது. வெளிய இருங்க” என்றார். அதட்டலாக இல்லை.

மரத்தடியில் வடிவம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் ஒரே ஊர்ப்பக்கம், சுசீந்திரத்துக்கு மேற்கே. சண்டை போடாத நாள் கிடையாது.

“நான் வந்து உப்பு விட்டப்போ ஒனக்குத் தெரியுமா, எக்கா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “தெரியும்” என்றேன்.

அவள் மஞ்சள் ஏறிய தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சொல்லிட்டேல்லா. போ” என்றாள். சற்றுக் கழித்து மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக் கிழித்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். எனக்கு வெற்றிலை ஆகாது. வாங்கி மென்றேன்.

அந்த மத்தியானத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். உள்ளே சீவி மஞ்சள் தண்ணீரில் போட்டு வைத்த காய் மலைபோலக் கிடந்தது. இனிப் பொரிக்க முடியாது, கறுத்துப்போகும், ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போங்கள் என்று முதலாளி சொல்லியனுப்பினார். பெண்கள் கவர்களில் அள்ளினார்கள். கடையிலிருந்து போன் மேல் போன். “இன்னைக்கு இனிச் சரக்கு இல்ல... இல்ல, நாளைக்கும் சொல்ல முடியாது” என்று அவர் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் யாரோ என் மண்டையில் குட்டுவதுபோல இருந்தது. ஆறின பிறகு அளந்து அங்கே ரெண்டே முக்கால் இருந்தால் நான் எந்த முகத்தோடு அவர் எதிரே நிற்பது? குழாய் தேய்ந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டுதல் இது என்று உடனே பயந்து, தேய்ந்திருக்கக் கூடாதே என்று மாற்றினேன். கடைசியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்று மட்டும் நேர்ந்துகொண்டு, எதற்கு என்பதை அவரிடமே விட்டுவிட்டேன்.

வெயில் சாய்ந்தபோது ராஜமணி வந்து கூப்பிட்டான். பம்பு நின்றிருந்தது. கொட்டகை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. ஆதிரா வேறு ஒரு குமிழை மாட்டி, கையுறை இல்லாமலே வளைவைத் தொட்டுப் பார்த்தாள். கருவியை என்னிடமே நீட்டினாள். “நீங்களே சொல்லுங்க, ஆன்ட்டி.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். எண் வந்தது. நின்றது.

“ஒண்ணு முப்பத்தெட்டு.”

ராஜமணி தகட்டை அகலமாகப் பிரித்தான். உள்ளே பஞ்சு நனைந்து கனத்துத் தொங்கியது. டிரம் பக்கமாக இருந்த இடம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்து, அதற்கு அடியில் இரும்பு ஏடு ஏடாக விட்டிருந்தது. மற்ற மாதங்களில் ராத்திரி ஆறின குழாயின் மேல் சொட்டு இறங்கி, பகலெல்லாம் அங்கேயே காய்ந்திருக்கிறது. ஆதிரா குமிழை மேல்பக்கம் நகர்த்தினாள். “ஒண்ணு பத்து” என்றேன். இன்னும் நகர்த்தினாள். எண் வரவில்லை. கோடு கோடாகக் காட்டியது. அதற்கு மேல் அவள் அழுத்தவில்லை, கையை எடுத்துவிட்டாள்.

முதலாளி அண்ணாந்து டிரம்மைப் பார்த்தார். அது ஒரு சொட்டு விட்டது.

“நான் வச்சதுல்லா அது” என்றார்.

“நான் கேட்டுல்லா வச்சீங்க” என்றேன்.

அவர் காய்க் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். ஆதிராவைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் பதறிப்போய், “ஐயோ சார், நான் ஒவ்வொரு தடவையும் ரெண்டு தொண்ணூறுதான் கண்டேன். ஆன்ட்டி சொல்லலன்னா அதைத்தான் எழுதியிருப்பேன்” என்றாள். அந்தப் பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான். ஆன்ட்டி என்றே கூப்பிடட்டும்.

எல்லாரும் நகர்ந்த பிறகு நான் முதலாளி பக்கத்தில் போய் நின்றேன். அதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது என்று தோன்றியது. “மொதலாளி, நான் ஒடனே சொல்லல்ல” என்றேன்.

“தெரியும்.”

“எப்பிடித் தெரியும்?”

“மத்த நம்பர் எல்லாம் சொல்லும்போது என்னத் திரும்பிப் பாத்துல்லா சொன்னீங்க. அத மட்டும் பாக்காமச் சொன்னீங்க.” டிரம் பக்கம் திரும்பிக்கொண்டார். “என்னான்னு நானும் கேக்கல்ல, லீலாக்கா. நாளைக்கு லோடு உண்டுன்னு போன்ல சொல்லிட்டேன்.”

இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்த நன்றியை அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் எழுந்து, கடைசியாகக் கிடந்த காயைத் தானே ஒரு கவரில் அள்ளிப்போட்டு என் கையில் கொடுத்தார். அந்தச் சாயங்காலம் கரமனைக்குப் போன பஸ்ஸில் எங்கள் கொட்டகைப் பெண்கள் எல்லார் மடியிலும் மஞ்சள் தண்ணீர் சொட்டுகிற கவர். கண்டக்டர் மூக்கைச் சுளித்தார். மறுநாள் எங்கள் எல்லார் வீட்டுச் சோற்றிலும் ஏத்தங்காய் மெழுக்குவரட்டிப் பொரியல்தான்.

புது வளைவு வந்து, வெல்டிங் முடிந்து, ஆதிரா மறுபடி வந்து அளந்து பார்த்து, ஹீட்டர் பற்றியபோது உத்திராடம் ஆகிவிட்டது. துபாய் பார்சல்கள் போகவில்லை. கடையில் பாதி வரிசை வேறு கடைக்குப் போய்விட்டது என்று கேள்வி. டிரம் எதிர்ப்பக்கம் தரைக்கு இறங்கியிருந்தது. அதற்குக் கீழே குழாயும் இல்லை, ஒன்றும் இல்லை. ஸ்டாண்டை வேறு விதமாக அடித்துத் தருகிற ஆள் ஓணம் கழிந்துதான் வருவான். அதுவரை குனிந்துதான் எடுக்க வேண்டும் என்று வடிவம்மாள் தோளைத் தடவிக்கொண்டு அகப்பையை எடுத்தாள்.

முதல் ஈடு விழுந்தது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து டிரம் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையிலிருந்து அகப்பையை வாங்கி, தண்ணீர் மொண்டு நீட்டினார்.

“ஐயே, நீங்க என்னத்துக்கு மொதலாளி? கடைக்குப் போங்க. திருவோணமாக்கும் நாளைக்கு” என்றாள் வடிவம்மாள்.

“நீ விடு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் எண்ணெயின் நிறத்தைப் பார்த்தேன். ம் என்றேன். அவள் உப்புத் தண்ணீரை விட்டாள். சடசடவென்று கொட்டகை அதிர்ந்தது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் ஓர் அடி பின்னால் வைப்போம். அன்று மூன்று பேரும் இருந்த இடத்தைவிட்டு நகராமல், சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தோம். முதலாளி இன்னோர் அகப்பையில் மொண்டு தயாராகப் பிடித்திருந்தார். அதன் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. மூன்று பேரும் குனிந்து அதைப் பார்த்தோம்.